தேநீருக்குப் பிறகு எதிர்க்கட்சி

சிவாஜிநகர் துணிக்கடையில் ஜாக்கெட் துணி அளந்துகொண்டிருந்த நாகேஷ், "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே!" என்று திடீரென முழங்கினான். எதிரே நின்ற அம்மாள் பதறிப்போய், "ஒரு மீட்டர் போதும்ப்பா" என்றாள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளி இளைஞர் மன்றம் நடத்தும் மாதிரிப் பாராளுமன்றத்தில் அவன்தான் நிதியமைச்சர். விவாதம் தேசிய ஒற்றுமை பற்றி. நாடெங்கும் ஒற்றுமை விழா எடுக்க ஐந்நூறு கோடி வேண்டும் என்று அவன் தீர்மானம் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் வீடு திரும்பும்போதே காதுக்குள் மேசை தட்டும் ஓசை கேட்டது.

ஞாயிறு காலை இஸ்திரிச் சட்டையை நீட்டிய மனைவி சரளா, "மந்திரி சார், அங்கன்வாடி கூரை ஒழுகுது. நம்ம பிரபா ஈரத்துல உக்காந்து இருமிக்கினே வருது. கேக்கறேன் கேக்கறேன்னு மூணு மாசமா சொல்றியே, யார்கிட்டயாவது வாயத் தொறந்தியா?" என்றாள்.

"இன்னிக்கு விடும்மா. இன்னிக்கு நான் கவர்மென்ட்டு!"

பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. அவைத்தலைவர் நாற்காலியில் தபால் ஆபீஸ் ஜெயராமன் உட்கார்ந்து விதிகளைப் படித்தார். தேநீருக்குப் பிறகு இரண்டு தரப்பும் பக்கம் மாறிப் பேச வேண்டும் என்பது இந்த வருஷத்துப் புது விதி. நாகேஷ் அதைக் கேட்கவே இல்லை. மனசுக்குள் தன் கடைசி வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்க்கட்சித் தலைவி பிரிஜெட். பஸ் கண்டக்டர். முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டாள்.

"ஐந்நூறு கோடின்னு அமைச்சர் சொல்றாரு. தோரணத்துக்கு எவ்ளோ, லைட்டுக்கு எவ்ளோ? டிக்கெட் கிழிக்காம நான் காசு வாங்கினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

ஹாலே சிரித்தது. நாகேஷின் கையில் ஒரு விவரமும் இல்லை. முகம் சுட்டது. துள்ளி எழுந்தான்.

"நாடே ஒண்ணா நிக்கற நேரத்துல கணக்குக் கேக்கறவங்க யாரு தெரியுமா? நாட்டப் பிரிக்கறவங்க! நாட்டப் பிரிக்காதே, உக்காரு!"

மேசைகள் அதிர்ந்தன. "நாட்டப் பிரிக்காதே, உக்காரு!" என்று பின்வரிசை பாட்டாகவே பிடித்துக்கொண்டது. பிரிஜெட்டின் உதடுகள் அசைந்தன. குரல் யாருக்கும் எட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நாகேஷுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சூப்பர் குரு! அக்காவக் கவுத்துட்டே!" என்று டீ கொடுத்தவன்கூட முதுகில் தட்டினான். பாதி டீ குடிப்பதற்குள் மணி அடித்தது.

"பக்கம் மாறுங்க. பிரிஜெட் நிதியமைச்சர். நாகேஷ் எதிர்க்கட்சி," என்றார் ஜெயராமன்.

நாகேஷ் விழித்தான். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அப்போது ஹாலின் ஓரத்தில் சரளாவோடு உட்கார்ந்திருந்த பிரபா இருமினாள். தானாக எழுந்து நின்றான்.

"அமைச்சர் அவர்களே, விழாவுக்கு ஐந்நூறு கோடி இருக்குது. அங்கன்வாடிக் கூரைக்கு எவ்ளோ இருக்குது? என் பொண்ணு..."

முடிக்க விடவில்லை. "நாட்டப் பிரிக்காதே, உக்காரு!" ஹால் முழுக்க அவனுடைய வரியே திரும்பி வந்தது. சரளாவின் மடியில் நின்றுகொண்டு பிரபாவும் கை தட்டித் தட்டிக் கூவினாள்: "அப்பா, உக்காரு! நாட்டப் பிரிக்காதே!"



பிரிஜெட் எழுந்தாள். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவளோ பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைத் தூக்கினாள். சத்தம் அடங்கியது.

"நாகேஷு, கேள்விய மறுபடி முழுசாக் கேளு."

கேட்டான். கூரை, ஈரம், பிரபாவின் இருமல், எல்லாவற்றையும் சொன்னான்.

"என்கிட்ட பதில் இல்ல," என்றாள் பிரிஜெட். "ஆனா கேள்வி சரி. நாளைக்கு வார்டு ஆபீசுக்குப் போய் ரெண்டு பேருமாக் கேப்போம்."

நாகேஷ் ஜெயராமன் பக்கம் திரும்பினான். "சார், டீக்கு முன்னாடி நான் அக்காவச் சொன்னது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்."

"அவைக்குறிப்புல இருந்து அடிச்சிடட்டுமா?"

"வேணாம் சார், இருக்கட்டும். அதுக்குக் கீழ இதையும் எழுதிக்கங்க. செலவப் பத்திக் கேக்கறவன் நாட்டப் பிரிக்கறவன் இல்ல. கேக்கறவன் வாய அடைக்கறவன்தான் பிரிக்கறான்."

பிரபா அம்மாவின் கன்னத்தைத் திருப்பினாள். "அம்மா, இப்ப தட்டலாமா?"

"இப்பத் தட்டுடி," என்றாள் சரளா.