முப்பது நாளும் பத்து மணிக்கு

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு ஒரு வாரமாக ஒரே பிடிவாதம். நோயாளிகளுக்கு நேரம் குறிக்கும் தடித்த புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, மாலைக் கணினி வகுப்பில் கற்றதை வைத்துத் தானே எழுதிய நிரலை அங்கே உட்கார வைக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் பார்ப்பதாக டாக்டரம்மா ஒத்துக்கொண்டிருந்தார். பிடித்தால் திங்கள் முதல் நிரல். பிடிக்காவிட்டால் பழைய புத்தகமே, பேச்சு முடிந்தது.

நிரல் முதலில் ஒரு காலி அட்டவணை போட வேண்டும். நாளுக்கு ஒரு வரிசையாக முப்பது, வரிசைக்கு, அரை மணிக்கு ஒன்றாக, பதினாறு கட்டம். வகுப்பில் இதை 'அரே' என்றார்கள். போடுவதற்கு மூன்று வழி இருந்தது. கட்டம் கட்டமாகச் சேர்க்கலாம். வரிசை வரிசையாகச் செய்யலாம். ஒரே ஒரு வரிசையைச் செய்து முப்பதால் பெருக்கிவிடலாம். எது வேகம் என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் லட்சம் தடவை ஓடவிட்டு நேரம் எடுத்தாள். சந்தேகம் வந்தது. கணினியில் மற்றதையெல்லாம் மூடிவிட்டு மறுபடி எடுத்தாள். முதலில் ஓடுவதற்குச் சலுகை கிடைக்கிறதோ என்று கடைசியை முதலில் விட்டும் பார்த்தாள். கட்டம் கட்டமாக இரண்டு வினாடி. வரிசை வரிசையாகக் கால் வினாடி. பெருக்கலுக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "இந்தக் காலிக் கட்டத்தை மாசத்துக்கு எத்தனை தடவைடி போடணும்?"

"ஒரு தடவை."

"அப்ப லட்சம் மாசம் வேலை பாக்கப் போற. உடம்பைப் பாத்துக்கோ."

காதில் விழாத மாதிரி அவள் பெருக்கலையே வைத்தாள்.

சனிக்கிழமை டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல் தேதி பத்து மணிக்கு அந்த பஸ் டிரைவரைப் போடு. ஒரு பல்லு அடைக்கணும்."

போட்டாள். திரையில் முதல் தேதிக் கட்டத்தில் டிரைவர் வந்தார். இரண்டாம் தேதியிலும் வந்தார். முப்பதாம் தேதி வரை விடாமல் வந்தார்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகக் கடைசி வரை பார்த்தார். "ஞாயித்துக்கிழமைகூட விடலையே. நாளுக்கு ஒரு பல்லுன்னு வச்சாலும் ரெண்டு மிச்சமாகுதேம்மா. அதை அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். பெருக்கியதில் முப்பது வரிசை உண்டாகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தது ஒரே வரிசை. முப்பது நாளும் அந்த ஒன்றையே காட்டிக்கொண்டிருந்தன; ஒரு நாளில் எழுதினால் எல்லா நாளிலும் தெரியும். வேலையே செய்யாதது வேகமாக இல்லாமல் என்ன செய்யும்? ஒரு வாரமாக வேகத்தை அளந்தவள், ஒரு கட்டத்திலாவது ஒரு பெயரை எழுதிப் பார்த்திருக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க மேடம். வேற வழி இருக்கு. ஆனா கொஞ்சம் மெதுவா இருக்கும்."

"எவ்வளவு மெதுவா?"

வரிசை வரிசையாக, லட்சம் தடவைக்குக் கால் வினாடி என்று மனக்கணக்குப் போட்டாள். "ஒரு வினாடியில நாலு லட்சத்துல ஒரு பங்கு."

"சரி, அதுக்குள்ள நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

திரும்பி வந்தபோது டிரைவர் ஒரே கட்டத்தில் அடங்கியிருந்தார். டாக்டரம்மா இன்னும் நான்கு பேரைப் போடச் சொன்னார், இருவரை எடுக்கச் சொன்னார், ஒருவரை நாள் மாற்றச் சொன்னார். எல்லாம் சொன்ன இடத்தில் நின்றன.

"திங்கள்லேர்ந்து இதுவே இருக்கட்டும்" என்று கை கழுவப் போனார்.

அவள் மீதி நாள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காலிதானா என்று பார்த்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்தாள்.

"உங்களுக்கு முதல் தேதி காலைல பத்து மணிங்க. அன்னிக்கு மட்டும் வந்தா போதும்."

"மட்டுமா? வேற என்னிக்கும் வரச் சொன்னாங்களா?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க" என்றாள் அவசரமாக.