பக்கம் முப்பத்தொன்று

"கையெழுத்தப் போடும்மா. படிச்சுக்கினே இருந்தா எழுத்து மாறிடுமா?" என்றார் முதலாளி வீரராகவன்.

ஷஹனாஸ் அந்தத் தாளை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் நான்கே வரிகள். 'எங்கள் உலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள புரோகிராம் முழுவதும் என்னால் சொந்தமாக எழுதப்பட்டது. வெளியார் எழுதிய எதுவும் அதில் இல்லை. கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் உள்ள அறிவிப்பு என் கவனக்குறைவால் அச்சாகிவிட்டது.' கீழே ஹெச். ஷஹனாஸ், மென்பொருள் பொறியாளர் என்று டைப் செய்து, அதற்கு மேல் ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். அந்தத் தாளில் உண்மையாக இருந்தது அவள் பெயர் மட்டும்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரண்டு உருட்டாலைகளுக்கு நடுவே அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கம்பெனி அது. மொத்தம் இருபத்திரண்டு பேர். ஜன்னலைத் திறந்தால் மேசையில் கரி படியும். இங்கே செய்யும் பெட்டி, இரும்பு உலையின் சூட்டை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்கு வீரராகவனுடையது. பதினெட்டு வருஷம் உருட்டாலைகளில் உலைக்கு முன்னால் நின்று, புருவமெல்லாம் பொசுங்கிச் சேர்த்தது. அதில் ஷஹனாஸுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு பெட்டிக்குள்ளேயே கிடந்தால் யாருக்கு லாபம்? உலைக்காரன் பார்ப்பதை ஆபீஸில் இருப்பவரும் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். 2005-இல் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆறு வாரத்தில் அது வேண்டும் என்றார் வீரராகவன். ஆறு மாதத்து வேலை. இன்டர்நெட்டில் தேடியபோது, ஹங்கேரியில் லாஸ்லோ என்ற ஒருவர் அதையே எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருந்தார். பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில் என்று வந்துபோகிறவள், ரயில் தாமதமான நாட்களிலெல்லாம் பொன்னேரி பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அவருக்குச் சந்தேகம் கேட்டு எழுதினாள். பதினோரு பதில்கள் வந்தன. ஒன்றில், அவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே, பென்சிலால் படம் வரைந்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். யார், எந்த ஊர், கம்பெனிக்கு எவ்வளவு லாபம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியிருந்தது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள். ஆனால் உன்னுடையதோடு கலந்து ஒரே புரோகிராமாக இன்னொருவருக்குக் கொடுத்தால், மொத்தத்தின் சோர்ஸ் கோடையும், அதாவது புரோகிராமின் மூல வரிகளையும், அவர் கேட்டால் இதே உரிமத்தோடு கொடு. என் பெயரை அழிக்காதே. அவ்வளவுதான்.

இதை அன்றே வீரராகவனிடம் சொன்னாள். "ரெண்டையும் தனித்தனி புரோகிராமா வெச்சிட்டா உங்க கணக்கு உங்ககிட்டயே இருக்கும் சார். இன்னும் ஒரு மாசம் குடுங்க."

"இனாமா குடுக்கறவன் எங்கயோ கிறான். கும்மிடிப்பூண்டிக்கு வந்து பெட்டியத் தொறந்து பாக்கப்போறானா? ஒண்ணா கலந்துடு."

கலந்தாள். கலந்தவை இந்தக் கைகள்தான். மனசு கேட்காமல் லாஸ்லோவின் பெயரையும் முகவரியையும், அவர் சொற்களிலேயே அவருடைய நிபந்தனையையும் பெட்டியோடு போகும் கையேட்டின் கடைசியில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் சேர்த்தாள். பெரிய நேர்மையானவள் என்று தன்னையே தட்டிக்கொடுத்தும் கொண்டாள்.

பெட்டிகள் புனேவுக்குக் கிளம்புகிற அவசரத்தில், வெள்ளைக்காரன் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது என்று வீரராகவன் உத்தரவு போட்டார். அன்றைக்கு அவள் லீவு. புரொடக்‌ஷன் மேனேஜர் சரவணகுமாரிடம் அந்த வேலை போனது. கடம்பத்தூரில் இருக்கும் வீட்டுக்குப் போக ரயிலைப் பிடிக்கிற பதற்றத்தில் இருந்த அவன், கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபைல்களிலும் ஒரே தட்டில் அந்தப் பெயரைத் தேடி, முதலாளியின் பெயராக மாற்றினான். முகவரியையும் அப்படியே கம்பெனி முகவரியாக மாற்றினான். சுற்றியிருந்த வரிகளை அவனும் படிக்கவில்லை, அச்சடித்தவனும் படிக்கவில்லை.

நாற்பது கையேடுகள் இப்படிப் போயின: 'இந்தப் புரோகிராமை எவரும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். முழு சோர்ஸ் கோடு வேண்டுவோர் வீரராகவன், சிப்காட், கும்மிடிப்பூண்டி என்ற முகவரிக்கு எழுதுக. கேட்பவருக்கு மகிழ்ச்சியோடு தருவேன்.'

புனேயிலிருந்து ஒரு என்ஜினீயர் எழுதிவிட்டார். மிக மரியாதையான கடிதம். இவ்வளவு பெருந்தன்மையான கம்பெனியைத் தான் பார்த்ததில்லை என்று பாராட்டி, பக்கம் முப்பத்தொன்றில் சொன்னபடி சோர்ஸ் கோடை அனுப்பும்படி கேட்டிருந்தார். அடுத்த அறுபது பெட்டிகளுக்கான ஆர்டர் அவர் மேசையில்தான் இருந்தது.

"சார், இந்தத் தாள்ல இருக்கற வார்த்த என்னுது இல்ல," என்றாள் ஷஹனாஸ். "பேர மாத்தினது நீங்க."

"நான் மாத்தச் சொன்னேன். அந்தப் பக்கத்த யார் உள்ள போடச் சொன்னது? நீ போட்டதாலதான இந்தப் பேஜாரு?"

"வித்த நாப்பதுக்கும் உங்க கணக்கோட சேத்து சோர்ஸ் கோடு குடுத்துதான் சார் ஆவணும். இல்லன்னா லாஸ்லோகிட்ட கேக்கலாம். அவர் ஒருத்தர்தான் எழுதினது. நடந்தத சொல்லி, உங்க கணக்க வெளிய தராம விக்கற மாதிரி வேற உரிமம் குடுங்கன்னா குடுத்தாலும் குடுப்பாரு. இனிமே போற பெட்டிக்கு நான் மூணு வாரத்துல பிரிச்சுத் தரேன்."

வீரராகவன் எழுந்து நின்றார். "பதினெட்டு வருஷம் வெந்து சேத்தத, மூஞ்சி தெரியாத ஒருத்தன்கிட்ட போய்க் கெஞ்சிக் காப்பாத்தணுமா? திருடிட்டேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" குரல் உடைந்தது. உடனே அதை மறைக்கிற மாதிரி மேசையைத் தட்டினார். "சாப்பாட்டு மணிக்கு அப்பறம் கையெழுத்தோட வா. இல்ல, அனுபவச் சான்றிதழ் இல்லாம ஊட்டுக்குப் போ."

சாப்பாட்டு நேரத்தில், பெட்டிகளுக்கு ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் மேசையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அங்கே வேலை செய்யும் ஈஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்து, பாதி ஆம்லெட்டை இவள் சோற்றின் மேல் வைத்தாள். அவள் புருஷனுக்கு ஆலையில் விரல் போனதிலிருந்து அந்த வீடு ஈஸ்வரியின் சம்பளத்தில்தான் ஓடியது.

"போட்டுட்டுப் போயேன்டி. அந்த ஆளு இன்னா உன் மாமனா மச்சானா?"

"இல்லக்கா."

"பின்ன? படம் வரைஞ்சு அனுப்பிச்சானாமே. அதுல மயங்கிட்டியா?"

மேசை முழுக்கச் சிரித்தது. ஷஹனாஸும் சிரிக்கப் பார்த்தாள். ஈஸ்வரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அறுபது பெட்டி போச்சுன்னா மொதல்ல எங்களத்தான் நிறுத்துவாரு. உனக்கு இங்கிலீஷ் தெரியும், சென்னைக்குப் போயிடுவ. நான் எங்க போறது?"

தூரத்தில் சரவணகுமார் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இவளையே பார்த்தபடி இருந்தான். கண்கள் சந்தித்ததும் குனிந்துகொண்டான். அவனும்தான் பொய் சொல்லவில்லை. அவனை யாரும் கேட்கவே இல்லை. கேட்டது இவளை. பொம்பளைப் பிள்ளை, வெளியூர் போக மாட்டாள், அப்பா ஹபிபுல்லா கருவாட்டு வியாபாரத்தோடு ஒதுங்கிக்கொள்ளும் மனுஷர், சத்தம் வராது. இந்தக் கணக்கும் வீரராகவன் போட்டதுதான். உலைக் கணக்கு போலவே இதையும் அனுபவத்தில் போட்டிருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும் காது மடல் சுட்டது. அந்தக் கோபம் லாஸ்லோவுக்காகக்கூட இல்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு முதலாளியின் பெயர். மாட்டிக்கொண்டதும் முதலாளியின் பெயரை எடுத்துவிட்டு இவள் பெயர். பெயர்களை இப்படித் தட்டி மாற்ற இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஆம்லெட்டை முழுசாகச் சாப்பிட்டாள். "அக்கா, உன் வேலைய என் பொய் எத்தன நாள் காப்பாத்தும்? பெட்டியத் தொறந்தா அவனுங்களே பாத்துடுவானுங்க. அப்ப அறுபதும் போவும், இந்த நாப்பதும் திரும்பி வரும்," என்றாள். ஈஸ்வரி நம்பிய மாதிரி தெரியவில்லை. டிபன் பாக்ஸை மூடும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

மணி அடித்ததும் ஷஹனாஸ் வீரராகவனின் அறைக்குள் போய், அவர் எதிரே உட்கார்ந்து, அவர் கொடுத்த தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பெட்டியில் உள்ள இன்னின்ன ஃபைல்கள் லாஸ்லோ எழுதியவை. இன்னின்னவை வீரராகவன் அவர்களின் கணக்கு. இரண்டையும் கலந்தவள் நான். கலந்தால் சோர்ஸ் கோடைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தே கலந்தேன். லாஸ்லோவின் பெயர் பின்னர் மாற்றப்பட்டது. அதை நான் செய்யவில்லை. கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் வாங்கிப் படித்தார். உதடு அசைந்தது. நான்காய்க் கிழித்து மேசையில் போட்டார். "இன்னா நினைச்சுக்கினு கிற நீ?"

பக்கத்தில் இருந்த பிரிண்டரின் தட்டிலிருந்து ஷஹனாஸ் ஒரு தாளை உருவி, அதே வாக்கியங்களை அதே வரிசையில் எழுதினாள். அவர் அதையும் பிடுங்கிக் கிழித்தார். கிழிக்கிற சத்தம் கேட்டு சரவணகுமார் கதவருகே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஈஸ்வரி. இன்னும் இரண்டு மூன்று தலைகள்.

"போடி வெளிய!" என்றார் வீரராகவன். ஆனால் கதவுக்கு வழி இல்லாமல் ஆட்கள் நின்றார்கள். மேசையில் போன் புனே நம்பரைக் காட்டி அடிக்கத் தொடங்கியது. அவர் அதை எடுக்கவில்லை.

அவள் கையை நீட்டி அடுத்த தாளை உருவினாள். பக்கத்து ஆலையிலிருந்து வந்த கரி, திறந்த ஜன்னல் வழியாக அதன் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஊதித் தள்ளிவிட்டு முதல் வரியை எழுதினாள். தட்டில் இன்னும் கட்டாகத் தாள் இருந்தது.