உளுந்துக்கு வந்த ஆத்தா

சரட், சரட், சரட். போன வருஷம் மாதிரியே மழை விழுந்த நாளிலிருந்து என் வீட்டில் இந்தச் சத்தம்தான். கிரைண்டர் ஓடும்போதும் கேட்கும், குக்கர் விசிலடிக்கும்போதும் கேட்கும். உளுந்து பின்னங்காலைத் தூக்கி அக்குளைச் சொறியும், திரும்பி வாலடியைக் கடிக்கும், எழுந்து ஒரு சுற்று சுற்றும், படுக்கும், மறுபடி சரட். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கழுத்து அரிக்கும். மாவுக் கையோடு நானும் சொறிந்துகொண்டு நிற்பேன். சனியனே, ஒரு நிமிஷம் சும்மா கிடக்க மாட்டியா என்று கத்துவேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். உடனே எனக்கு அழுகை வந்துவிடும்.

உளுந்து எங்கள் நாய். தோல் உரிக்காத உளுந்து மாதிரி கறுப்பு. மும்பை தாராவியில் எங்கள் கல்லி, இந்தச் சந்து முழுக்க இட்லி வீடுகள்தான். நான் மாவரைத்து அவித்துக் கொடுப்பேன், என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் சைக்கிளில் கட்டி மாட்டுங்கா பக்கம் விற்கப் போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்டு ஓய்ந்தவர்கள் இப்போது நாயைப் பற்றிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இட்லி போடுகிற இடத்தில் ஒரு நாய் முடி உதிர்ந்து, சிவந்து, சொறிந்துகொண்டு திரிந்தால் யார் பொறுப்பார்கள்? வெயிலுமுத்து அண்ணாச்சி பொறுக்கவில்லை. கல்லிக்குப் பெரிய மனுஷர், மாரியம்மன் கோயில் கமிட்டியும் அவர்தான். வாசலில் வந்து நின்று குடையை மடக்கக்கூட இல்லை.

"ஏ இசக்கி, ஆடிக் கடைசி ஞாயித்துக்கிழமை கோயில்ல கூழு ஊத்துதோம். அதுக்குள்ள இந்தச் சொறிநாயை எங்கயாவது கொண்டு விட்டுரு. இல்லன்னா நானே டெம்போவுல ஏத்தி மான்குர்த்துல விட்டுட்டு வந்துருவேன். பெறவு அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டாரேன்னு அழக்கூடாது."

"இது சொறின்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"கண்ணு எனக்கு அவிஞ்சா போச்சு? இட்லியில ஒரு முடி கெடந்தா மொத்தக் கல்லிக்கும் பேரு போயிரும். காலி பீலி லஃப்டா, வீண் வம்பு வேண்டாம், சொல்லிட்டேன்."

மான்குர்த்! அங்கே உளுந்துக்கு யாரைத் தெரியும்? அன்றைக்கே குடையை அதற்குப் பிடித்து, நான் நனைந்துகொண்டு, மாட்டுங்கா நாய் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தேன். டாக்ஸிக்காரர்கள் நாயைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாசமாய்ப் போக.

மாட்டு டாக்டர், நாய் டாக்டர் எல்லாம் ஆணாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தனா என்று ஒரு மராத்திப் பெண் இருந்தாள். உளுந்தின் தோலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். பூச்சி இல்லை, சொறி இல்லை, யாருக்கும் ஒட்டாது, இது அலர்ஜி என்று இந்தியில் சொன்னாள். மழைக்காலத்து ஈரம், பூஞ்சை, புல், தெள்ளுப்பூச்சி, இதில் ஏதோ ஒன்று இதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எப்போ சரியாகும்?" என்று கேட்டேன்.

"மழை விட்டால் குறையும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். விரட்ட முடியாது, பார்த்துச் சமாளிக்கணும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இவ்வளவு தூரம் நனைந்து வந்தது சமாளிக்கவா? ஆனால் அவள் சொன்னதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டேன். வெளியே போய்விட்டு வந்தால் நாலு காலையும் வயிற்றையும் துடைத்து ஈரம் போக ஒற்றணும். படுக்கிற கோணிப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு, துவைத்துக் காய வைக்கிற பருத்தித் துணி போடணும். வாரம் ஒரு தடவை மருந்து ஷாம்பூ, நுரையோடு பத்து நிமிஷம் விட்டுக் கழுவணும். தெள்ளுக்குப் பிடரியில் ஒரு சொட்டு மருந்து. தினமும் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. மஞ்சள், எண்ணெய், மனுஷன் பூசுகிற களிம்பு எதுவும் கிட்டே வரக்கூடாது.

எல்லாம் செய்தேன். மாத்திரை மட்டும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஷாம்பூ போட்ட அன்றிலிருந்து என் கையைக் கண்டாலே உளுந்து வாயைப் பூட்டிக்கொள்ளும். அவர் இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் தின்னும். காலையில் கிளம்புகிறபோது, "மாத்திரை குடுத்தாச்சா?" என்று கேட்பேன். "ம்" என்பார். சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போய்விடும்.

அரிப்பு நிற்கவில்லை. சரட் சரட். அக்குளில் ரத்தம் கசிந்தது. தாடையெல்லாம் சிறுசிறு பொரியாக எழும்பியது. துடைத்துத் துடைத்து என் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மறுபடி ஓடினேன். என்னம்மா டாக்டர் நீ என்று அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டேன். அவள் கோபப்படவில்லை. "மாத்திரை தினமும் போகிறதா?" என்று மட்டும் கேட்டாள். போகிறது என்று சத்தியம் செய்தேன்.

ஆடி வெள்ளிக்காக அம்மன் படத்தைத் துடைத்தேன். திருநீற்றுக் கிண்ணத்தைக் கழுவலாம் என்று கவிழ்த்தேன். திருநீறோடு மாத்திரைகள் விழுந்து உருண்டன. ஒவ்வொன்றிலும் குங்குமம் வைத்திருந்தது.

அவர் வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "இது என்னது? இது என்னதுன்னு கேக்கேன்!"

சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து பிடித்துக்கொண்டே நின்றார். "கத்தாத இசக்கி. ஆத்தா வந்திருக்கா அது உடம்புல."

"என்னது?"

"முத்து முத்தா வந்திருக்கு பாரு. ஆடி மாசம். அம்மை போட்ட உடம்புக்கு எவனாவது இங்கிலீஷ் மருந்து குடுப்பானா? அவ கோவிச்சுக்கிட்டு உயிரைக் கொண்டு போயிருவா. போன வருசமும் நான் உனக்குத் தெரியாம வேப்பிலைதான் தடவி விட்டேன். மழை விட்டதும் ஆத்தா எறங்கிட்டால்லா?"

"மழை விட்டா அரிப்பும் விடும்னுதானே அந்தப் பொண்ணும் சொல்லுதா! ஆத்தாவுக்கு வேற வேலை கெடையாதா? வருசா வருசம் ஒரே நாயைத் தேடியா வருவா?"

"ஏட்டி, வாயைக் கழுவு!" என்றார். முகம் வெளுத்துப்போயிற்று. பெயரிலேயே மாரியை வைத்திருக்கிற மனுஷன். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் கிழித்திருப்பேன். ஆனால் அவர் நிஜமாகவே பயந்திருந்தார். பருத்தித் துணியை விலக்கிப் பார்த்தேன், அடியில் புது வேப்பங்கொத்து. நான் இல்லாதபோது அதை வைத்து விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அதைக் கேட்டு எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். "கயிறு இருக்கா இசக்கி? காலையில டெம்போ வருது."

என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணாச்சி, ஆத்தாகிட்டயே கேப்போம். பூ போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா மருந்து குடுப்போம், உளுந்து இங்கதான் இருக்கும். செவப்பு வந்தா நீங்க தூக்கிட்டுப் போங்க, நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். நீங்களே எடுங்க."

கமிட்டிக்காரர், அம்மன் வாக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? "சரி, வாங்க" என்றார்.

கோயில் வாசலில் மல்லிகையும் செவ்வரளியும் வாங்கினேன். சுவரோரமாக நின்று காகிதத்தில் பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் மல்லிகையை வைத்தால் யாருக்குத் தெரியும்? மனசு அப்படித்தான் சொன்னது. கையும் போனது. துணிச்சல்தான் வரவில்லை. இவ்வளவு வாய் பேசுகிறவள்தான், உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அம்மன் முகத்தைப் பார்த்ததும் நடுங்கிவிட்டது. ஒன்றில் மல்லிகை, ஒன்றில் அரளி, ஒழுங்காகவே கட்டினேன். நம் பிள்ளையை நாமே காட்டிக் கொடுக்கிறோம் என்று உளுந்தைப் பார்க்காமலே நின்றேன்.

"குடு, நான் காலைக் கழுவிட்டு வந்து பாதத்துல வெக்கேன்" என்று என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார். எவ்வளவு நேரம்தான் காலைக் கழுவுவார்! உளுந்து என் கால்மாட்டில் சொறிந்துகொண்டே இருந்தது. வந்தார், தட்டில் வைத்தார். பூசாரி அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார், இல்லை என்று வைத்தார், இன்னொன்றை எடுத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மல்லிகை.

"ஆத்தா சொல்லிட்டா, பெறவு என்ன?" என்றார் அண்ணாச்சி. முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. "கூழு ஊத்துத அன்னைக்கு மட்டும் உள்ளயே கட்டிப் போடு." மிச்சப் பொட்டலத்தை என் வீட்டுக்காரர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அழுதுகொண்டே உளுந்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். குழாயடியில் ஒரு செவ்வரளி தண்ணீரில் கிடந்தது. மிதிக்காமல் தாண்டிப் போனேன்.

மாத்திரை அன்றைக்கே ஆரம்பித்தது. தினமும் என் கண் முன்னால். மழை நிற்கவில்லை, உளுந்து சொறிவதும் முழுசாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. புண் காய்ந்தது. அக்குளில் பூனைமுடி மாதிரி மெல்லிசாகக் கறுப்பு முளைத்தது. ஒரு நாள் மத்தியானம் கிரைண்டர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்த்தால், உளுந்து நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நல்ல மனசோடு துணியை ஊற வைக்க உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போட்டுப் போன சட்டையை அவர் ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தார், துவைக்கப் போடவே இல்லை. துணி துவைக்கிற மோரியில் போடும் முன் பையைத் தடவினேன். ஒரு பொட்டலம். அண்ணாச்சி எடுக்காமல் விட்ட பொட்டலம். பிரித்து, காய்ந்த அரளியைத் துளசிச் செடியில் போடலாம் என்று பார்த்தேன்.

நான் கட்டிய முடிச்சு இல்லை அது. நூலை நாலு சுற்று சுற்றி, நுனியைத் திருகி உள்ளே செருகியிருந்தது. சட்னிப் பொட்டலத்துக்கு அவர் போடுகிற கட்டு. பிரித்தேன். உள்ளே வாடிப்போன மல்லிகை.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் துணியாததை, ஆத்தா ஆத்தா என்று நடுங்குகிற மனுஷன் செய்திருக்கிறார். அவள் வாசலிலேயே, அவள் குழாயடியிலேயே, அரளியை எறிந்துவிட்டு, மல்லிகையைப் பங்கு போட்டு. மாத்திரை கொடுக்கிறபோதெல்லாம் அவர் கை ஏன் அப்படி ஆடுகிறது, அம்மன் படத்தை ஏன் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

நான் கேட்கவும் இல்லை. வாடிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஈரச் சேலையோடு படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆத்தா, பொட்டலம் கட்டினவ நான். உனக்குக் கோவம் இருந்தா என்கிட்ட வா. அவருகிட்ட போகாத."

சாயங்காலம் அவர் வந்தார். தலையில் இருந்த பூவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். இட்லியைப் பிட்டு மாத்திரையை உள்ளே வைத்தார், கை ஆடியது. நான் கீழே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக உளுந்துக்கு ஊட்டினோம்.