ஆற்றுமணல் தரை

ஞாயிற்றுக்கிழமை. செங்கல் சூளைக்கு விடுமுறை. ஆனாலும் விடிந்ததும் சூளைப் பெண்கள் கூடைகளோடு கிள்ளான் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். தங்கமணி முழங்கால் தண்ணீரில் நின்றாள். மேலே படிந்திருந்த வண்டலைக் காலால் ஒதுக்கி, அடியில் கிடந்த பருமணலை அள்ளி, நீர் வடியும்வரை கூடையைச் சாய்த்துப் பிடித்தாள்.

"இதுக்கு யாருக்கா கூலி குடுப்பா?" என்று கேட்டாள் புஷ்பவல்லி. கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

"நாம உக்காரப் போற எடத்துக்கு எவன்டி நமக்குக் கூலி குடுப்பான்?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி புஷ்பவல்லியின் முதுகில் தண்ணீரைத் தெளித்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண் களிமண். செங்கல்லுக்கு ஆகும், உட்கார ஆகாது. ஒரு மழை பெய்தால் போதும், ஈரம் ஒரு வாரத்துக்கு உள்ளேயே நிற்கும். அதில் உட்கார்ந்து எழுந்தால் சேலையில் ஏறும் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அதனால் நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போடும்போதெல்லாம் தரை டிக்கெட்காரர்களே ஆற்றிலிருந்து மணல் கொண்டுவந்து பரப்புவார்கள். கம்பெனி கேட்டதில்லை. இவர்களும் சொல்லிக்கொண்டு செய்ததில்லை. கொட்டகைக்குக் கால் நட்டதும் அடுத்த ஞாயிறு மணல் விழும். அவ்வளவுதான்.

நடுவில் சில வருஷங்கள் அந்த ஞாயிறு வரவில்லை. ரப்பரும் ஈயமும் விலையில்லாமல் போன காலம். சூளையில் நெருப்பு அணைந்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று இருந்தார்கள். நகரத்துக்குள் பேசும் படம் வந்தது. நாடகம் செத்தது என்று பாசார்க் கடைகளில் பேசிக்கொண்டார்கள். இப்போது அதே கம்பெனி, அதே மணிமார்பன் நாடகம், அதே ராஜபார்ட் இராமலிங்கம். செய்தி வந்த நாளிலிருந்து தங்கமணிக்குச் சூளைக் கல் கனக்கவில்லை.

"ரெண்டாவது காட்சியில ராசாவ அடிமையா வித்துப்புடுவாங்க" என்றாள், கூடையைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டே. "வேத்துச் சீமை. உப்பு மூட்டை தூக்குவாரு. அப்பப் பாடுவாரு பாரு, ‘என் பேர் சொல்ல யாருமுண்டோ இந்தச் சீமையிலே’ன்னு. அதோட நிறுத்திருவாரு. ஆர்மோனியம் மட்டும் இழுத்துக்கிட்டு நிக்கும். அங்கதான் நாம எடுக்கணும்."

"என்னன்னு?"

தங்கமணி நடந்துகொண்டே பாடினாள். கூடையிலிருந்து நீர் அவள் காதோரம் வழிந்தது.

"உண்டு உண்டு ராசா... ஊரெல்லாம் உன் பேரு..."

முன்னால் போன பெண்கள் திரும்பாமலே அந்த அடியை வாங்கிப் பாடினார்கள். ஆற்றங்கரைப் பாதை முழுவதும் அது போயிற்று.

"மொதல்ல பொம்பளப் பக்கம். பொறவு ஆம்பளப் பக்கம் அதே அடியை எடுக்கும். ரெண்டும் வந்தாத்தான் அவரு மேல பாடுவாரு."

"வரலைன்னா?"

"வராம இருந்ததில்லடி."

பெண்கள் பக்கத்துக்கு எடுத்துக்கொடுப்பவள் தங்கமணி. ஆண்கள் பக்கத்துக்கு எடுத்துக்கொடுப்பவன் அவள் புருஷன் பக்கிரிசாமி. நாடகம் நடக்கும் நாட்களில் அந்த வீட்டில் சமாதானம் இருக்காது.

கொட்டகையில் பக்கிரிசாமி மண்வெட்டியோடு நின்றிருந்தான். ரயில் தண்டவாளத்தில் கல் அடிக்கும் வேலை அவனுக்கு. ஆண்கள் பக்கம் ஏற்கனவே மணல் கொட்டி மட்டம் பார்த்திருந்தார்கள்.

"என்னா, பொம்பளப் பக்கம் இப்பத்தான் ஆத்துலேர்ந்து ஏறுதா? பாட்டுலயும் இப்படித்தான் பின்னால வருவீங்க" என்றான்.

"போன தடவ இருமிக்கிட்டே எடுத்தது யாரு? ராசா அடிமையா, காசநோய்க்காரரான்னு சனம் முழிச்சிச்சு."

"அது பீடி."

"இந்தத் தடவ பீடியையும் பாட விடுங்க."

மண்வெட்டிகள் நின்று சிரிப்பு எழுந்தது. புது மேனேஜர் ராதாகிருஷ்ணன் அப்போது உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. மணலில் சப்பாத்துக் காலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"அருமையான மணல். நீங்களாவே செஞ்சீங்களா? ரொம்ப சந்தோஷம்" என்றார். எல்லோருக்கும் தேநீர் வாங்கிவரச் சொன்னார். தங்கமணி மணலைக் கைகளால் தட்டி, மேடைக்கு நேர் எதிரே, கயிறு கட்டியிருந்த பெண்கள் பக்கத்தின் முதல் வரிசையில் சிறிது மேடாக்கினாள். அது அவள் இடம்.

மத்தியானம் மாட்டு வண்டிகளில் நாற்காலிகள் வந்தன. பிரம்பு நாற்காலிகள், பின்னால் போட நீளப் பெஞ்சுகள். கம்பெனி ஆட்கள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். நாற்காலிகளை வரிசையாக மணலில் ஊன்றினார்கள். சாயங்காலம் தங்கமணி குளித்து, தலையில் பூ வைத்து, சூளைப் பெண்களோடு வந்தபோது வாசலில் பலகை தொங்கியது. பலகைக்கு முன்னால் கூட்டம் நின்றது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி கந்தையா அதைப் படித்துச் சொன்னார். நாற்காலி, பெஞ்சு. பெஞ்சின் விலையே பழைய தரை டிக்கெட்டின் மூன்று மடங்கு. ஒரு நாள் கூலியைக் கொடுத்தாலும் பெஞ்சின் நுனிகூடக் கிடைக்காது.

"தரை எங்க போட்டிருக்கு?" என்றான் பக்கிரிசாமி.

"தரை எண்டு ஒண்டும் இல்லை."

"நல்லாப் பாருங்க கிராணி. கீழ இருக்கும்."

"கீழ ஆணிதான் இருக்கு."

கூட்டத்தில் பேச்சு கிளம்பியது.

"அந்த வெலைக்கு ராஜபார்ட்டு வூட்டுக்கு வந்து சோறாக்கிப் போடணும்."

"சோறு வேணாம், உப்பு மூட்டைய மட்டும் தூக்கச் சொல்லு. எங்க சீன மொதலாளி தவுக்கே வேலை குடுப்பான்."

"பழைய நாடகந்தானே? பழைய வெலைக்குப் போட்டா என்ன?"

கந்தையா குடையை மடக்கினார். அவருக்கும் நாடகம் என்றால் உயிர். கையில் நாற்காலிச் சீட்டு இருந்தது. "இஞ்ச பாருங்கோ, கப்பல் கூலி, காஸ் விளக்கு, புதுச் சீன். உதுக்கெல்லாம் ஆர் காசு குடுக்கிறது? பேசும் படம் வந்த பிறகு இவையள் திரும்பி வந்ததே பெரிய காரியம். விலை ஏறினால் ஏறட்டும், நாடகம் இருக்க வேணும்."

"இருக்கட்டும் கிராணி" என்றாள் தங்கமணி. "நாங்க எங்க இருக்குறது?"

கந்தையா சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ராதாகிருஷ்ணன் வெளியே வந்தார். பக்கிரிசாமி முன்னால் போனான். "எங்க மண்ணு மேல நாக்காலி போட்டிருக்கீங்க" என்றான்.

"கோபப்படாதப்பா. விலை நான் மட்டும் வைக்கிறதில்ல. முதலாளி பட்டணத்துல இருக்கார். தரையில ஆள் உக்கார்ந்தா நாற்காலிக்கு மரியாதை இல்லைன்னு பெரிய மனுஷங்க வர்றதில்லையாம்." பிறகு தங்கமணியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எதிர்ப்பாட்டு எடுக்கறது நீதானாமே? இராமலிங்கம் வந்ததும் வராததுமா உன்னைத்தான் விசாரிச்சார். நீ வா. டிக்கெட் வேண்டாம். மேடைக்குப் பக்கத்துல ஒரு ஓரமா ஸ்டூல் போடச் சொல்றேன்."

தங்கமணிக்குக் கன்னம் சூடாகியது. இராமலிங்கம் விசாரித்தாராம். அத்தனை வருஷம், அத்தனை ஊர், அத்தனை கொட்டகை. அவர் நினைவில் தன் குரல் இருந்திருக்கிறது. வாசல் வழியாக உள்ளே பார்த்தாள். அவள் மேடாக்கிய இடத்தில் ஒரு நாற்காலியின் பின்கால்கள் புதைந்து நின்றன.

"போயேன்" என்றான் பக்கிரிசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒருத்தராச்சும் பாத்துட்டு வந்து சொல்லலாம்."

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் வெளுத்த சேலை கட்டியிருந்தார்கள். புஷ்பவல்லியின் காது மடலில் காலையில் ஒட்டிய மணல் இன்னும் மின்னியது.

"நான் மட்டும் வந்தா அது வெறும் பாட்டுங்க" என்றாள் மேனேஜரிடம். "எதிர்ப்பாட்டு இல்ல."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

ராதாகிருஷ்ணன் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ரயில் மேடு. அதன் சரிவில் புல் இருந்தது. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் கயிறு இல்லை. ஆனாலும் கயிறு அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கீழே தகரச் சுவர். அதன் இடுக்குகளில் காஸ் விளக்கின் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

விளக்கு வைத்த கையோடு மணி அடித்தது. கடவுள் வாழ்த்து, கோமாளி, தர்பார். ஒவ்வொன்றையும் தங்கமணி புஷ்பவல்லிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்பத் திரை ஏறுது. மந்திரி வந்துட்டான், பாரு, கட்டைக் குரல். இந்தா, இப்ப ராசாவக் கட்டுறாங்க."

"வெலங்கு சத்தம் கேக்குதுக்கா."

"தகரத் தட்டுடி அது. சும்மா இரு."

ஆர்மோனியம் மாறியது. தங்கமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கிரிசாமி அந்தப் பக்கத்திலிருந்து இடைவெளியைத் தாண்டிக் குனிந்து வந்தான்.

"பாடாத" என்றான். "அவன் நாக்காலி பாடட்டும். நம்ம மண்ணும் ஓசி, பாட்டும் ஓசியா?"

அவள் முகத்தைத் தகரச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

இராமலிங்கத்தின் குரல் எழுந்தது. முன்பிருந்த கனம் இல்லை. உச்சியில் கொஞ்சம் உடைந்தது. உடைந்தாலும் அவர் அதை விடவில்லை, பிடித்து மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"என் பேர் சொல்ல யாருமுண்டோ... இந்தச் சீமையிலே..."

குரல் நின்றது. ஆர்மோனியம் இழுத்துக்கொண்டு நின்றது.

உள்ளே சத்தமில்லை. ஒருவர் இருமினார். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆர்மோனியக்காரர் துருத்தியை இன்னொரு முறை இழுத்தார். கொட்டகைக்குள் ஓர் ஆண் குரல் மெதுவாக "உண்டு உண்டு..." என்று தொடங்கி, துணையில்லாமல், பாதியில் அடங்கியது. அது கந்தையாவின் குரல்.

இராமலிங்கம் அதே அடியை மறுபடியும் பாடினார். மேலே போகவில்லை. அதே அடிதான். இந்த முறை உச்சியில் நிற்க மூச்சு போதவில்லை.

"அக்கா" என்றாள் புஷ்பவல்லி. "அவரு காத்துக்கிட்டு இருக்காருக்கா."

தங்கமணி எழுந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டாள். செங்கல் நிறம் ஏறிய விரல்கள் காதை மூடிக்கொள்ள, வாயைத் திறந்தாள்.

"உண்டு உண்டு ராசா..."

அவள் குரல் தகரச் சுவரில் மோதியது. ராசா என்ற இடத்தில் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். புஷ்பவல்லி வார்த்தை தவறினாலும் தாளம் தவறவில்லை. "ஊரெல்லாம் உன் பேரு" என்று அடி முடிந்தபோது சரிவிலிருந்த பூச்சிச் சத்தம்கூட நின்றிருந்தது.

இனி ஆண்கள் பக்கம். தங்கமணி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

"பொம்பளைக கிட்ட தோக்கச் சொல்றியாடா?" என்று யாரோ பக்கிரிசாமியைக் கேட்டார்கள்.

"சும்மா இரு" என்றான் பக்கிரிசாமி. தொண்டையைச் செருமினான். எடுத்தான். இருமல் இல்லாமல், சுத்தமாக எடுத்தான். தண்டவாள ஆட்கள் அத்தனை பேரும் அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

உள்ளே நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு இராமலிங்கம் பாடினார். புதுக் குரல் வந்தவரைப்போல, உடையாமல், அடுத்த அடியை. சத்தம் வந்த திசையை வைத்துத் தங்கமணி கண்டுகொண்டாள். அவர் சபைக்கு முன்னால் நின்று பாடவில்லை. பின்பக்கம் திரும்பி, தகரத்தைப் பார்த்துப் பாடினார்.

"ஒன்ஸ்மோர்!" என்று கொட்டகைக்குள் கத்தினார்கள். முதலில் கத்தியவர் கந்தையா.

சரிவில் தங்கமணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பக்கிரிசாமி அவள் பக்கம் பார்த்தான். "எங்க சத்தந்தான் கூட" என்றான்.

"ஆமா. பின்னால வந்தீங்கல்ல, அதான் கூட."

மறுநாள் சூளையில் கல் இறக்கினார்கள். சூடு ஆறாத கற்கள். தலையில் அடுக்கிக்கொண்டு, வரிசையாக, சூளை வாயிலிருந்து சாலையோரம் வரை நடந்தார்கள். தங்கமணி முன்னால் போனாள். அடிக்கொரு தரம் யாராவது அந்த அடியை முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்.

சாலையில் பறைச் சத்தம் கேட்டது. நாடகக் கம்பெனியின் மாட்டு வண்டி. முன்னால் ஒருவன் தகரக் குழலை வாயில் வைத்துக் கத்திக்கொண்டு வந்தான்.

"மணிமார்பன்! மணிமார்பன்! இன்றும் நாளையும்! ஊரே கூடி எதிர்ப்பாட்டுப் பாடும் அதிசய நாடகம்! காது குளிரக் கேளுங்கள்! இன்று முதல் நாற்காலி விலை..."

விலையைச் சொன்னான். பலகையில் இருந்ததைவிட அதிகம்.

புஷ்பவல்லி நின்றாள். "அக்கா, ஊருன்னு சொல்றானே. அது நாமதானே?"

தங்கமணி தலைச்சுமையைப் பிடித்திருந்த கைகளை விட்டாள். கழுத்தை நிமிர்த்தினாள். கற்கள் அசையவில்லை.

"நாமதாண்டி" என்றாள்.

பாதை குறுகல். வண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லி மாட்டை அதட்டினான். பெண்கள் தலையில் செங்கல்லோடு சாலையை விட்டு இறங்கிக் களிமண் சேற்றில் வரிசையாக நின்றார்கள். சேறு கணுக்காலை மூடியது. வண்டி அவர்களைக் கடந்தது. அதில் இன்னும் சில பிரம்பு நாற்காலிகள் போயின. புதியவை. ஒன்றின் பின் ஒன்றாக, நிமிர்ந்து, லேசாக ஆடிக்கொண்டு, ஆளில்லாமல் போயின.