டயருக்கு அண்டை கொடுத்த கல்

எங்கள் வீட்டில் நாற்பத்தொரு கார்கள் இருக்கின்றன. அதில் ஓடுவது ஒன்றே ஒன்று, அதை ஓட்டுவது நான். மிச்சம் நாற்பதும் என் வீட்டுக்காரர் ஜீவகன் பசை போட்டு ஒட்டியவை, உள்ளங்கையில் உட்காருகிற உயரம். இது போக, பிரிக்காத பெட்டிகள் அறுபத்திரண்டு பீரோவில் இருந்தன. பட்டுப் புடவை வைக்கிற பீரோ அது. புடவைகள் அரிசி டிரம் மேலே போய்விட்டன.

"பொம்மைன்னு சொல்லாத பிரியா. ஸ்கேல் மாடல். ஒண்ணுக்கு இருபத்துநாலு."

நிஜக் காரை இருபத்துநாலு பங்காகச் சுருக்கினால் அந்த அளவு வருமாம். சுருங்கட்டும், எனக்கென்ன. செஞ்சியில் நெல் மண்டி வைத்திருக்கிற மனுஷன், ஒரு மூட்டை நெல்லைக் கையால் அள்ளிப் பார்த்துக் கல் இருக்கிறதா என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஜப்பான்காரன் அனுப்புகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து எள்ளளவு கண்ணாடியை நறுக்கி, இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுவார். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. பெயிண்ட் காய்கிறது, பெயிண்ட் காய்கிறது என்று வாரத்தில் நான்கு நாள் பட்டினி கிடப்பார். பக்கத்து வீட்டு நாகம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்காரருக்கு இன்னா பக்தி!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

என் கார் பழைய கார். அனந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர், அங்கே போய்வர வாங்கியது. பின்சீட்டுக் கதவு சாத்தாது, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தால்தான் கொஞ்சம் பிடிக்கும். பள்ளிக்கூட வாசல் சரிவு. அதனால் டிக்கியில் தேங்காய் அளவு கல் ஒன்று போட்டிருந்தேன். போனதும் இறங்கி, பின் டயருக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். பொங்கலிலிருந்து கரடியாய்க் கத்தினேன், இதை மெக்கானிக்கிடம் விடலாம் என்று.

"காரைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? பச்சைமுத்துகிட்ட வுட்டா ஒண்ணுக்கு ரெண்டா சொல்லுவான். நானே பாக்கறேன்."

நாற்பது கார் கட்டிய மனுஷன் சொல்கிறார், நானும் நம்பினேன்.

இந்தக் கூத்தின் ஆரம்பம் போன வருஷத்துக் கார்த்திகை. புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடல்காரர்களுக்குப் போட்டி. துருப்பிடித்த பழைய கார் ஒன்றைச் செய்து எடுத்துப் போனார். புதிதாகச் செய்த காரை மூன்று மாதம் மெனக்கெட்டு அழுக்காக்கினார். அதற்குப் பெயர் கலையாம். கோட்டை அடிவாரத்து மண்ணை என் டீ வடிகட்டியில் சலித்து டயரில் பூசியிருந்தார். நடுவர் இனியன் என்று ஒருவர், சென்னைக்காரர். கையில் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், பெயிண்ட் நல்லாருக்கு. ஆனா இது துரு இல்ல, குங்குமம். துரு கூரையிலேர்ந்து வழியாது. தண்ணி நிக்கற எடத்துல பிடிச்சு, கதவுக்கு அடியிலேர்ந்து மேல ஏறும். துருப்பிடிச்ச காரை நீங்க பாத்ததே இல்லையா?"

மண்டபத்து வாசலில் எங்கள் கார் நின்றிருந்தது. அதன் கதவுக்கு அடியில் விரல் விட்டால் உள்ளே இருக்கிற கால்மிதியைத் தொடலாம்.

அன்றைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டியதும், கல்யாணமான பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் காரைக் கண்ணைத் திறந்து பார்த்தார். கதவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அட, மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது, இனி வண்டி தேறிவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரை ஜாக்கியில் தூக்கி, செங்கல் அடுக்கி, டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக அடியில் போய்ப் படுத்துவிட்டார். மூன்று மணி நேரம். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று குனிந்து பார்த்தே நடக்கிற மனுஷன், எனக்காக மண்ணில் புரள்கிறாரே என்று இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுபோனேன். இரண்டாம் தடவை ஏலக்காயும் போட்டேன்.

"ஆச்சாங்க?" என்றேன் வெளியே வந்தபோது.

"ஆச்சு."

"ஹேண்ட் பிரேக்?"

"அதான் ஆச்சுன்னேனே." டிக்கியைத் திறந்து அந்தக் கல்லை எடுத்தார். "இதை நான் வச்சிக்கறேன்."

பிரேக் சரியாகிவிட்டது, இனிக் கல் எதற்கு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு என்னவென்று எடுத்துக்கொள்வது? நாகம்மாளிடம்கூடப் பெருமையடித்தேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடச் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நோட்டுக் கட்டை எடுக்க டிக்கி பக்கம் போனேன். படக்கென்று ஒரு சத்தம். கார் பின்னால் வந்தது. நான் பக்கவாட்டில் விழுந்தேன், இடது கால் மட்டும் டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு எலும்பு. நாற்பது நாள் மாவுக்கட்டு.

நாற்பது நாளும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், சும்மா சொல்லக் கூடாது. கஞ்சி வைத்தார், கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து பெயிண்ட் அடித்தார். "கேபிள் இரும்புதானே பிரியா, எப்ப வேணா அறும். நம்ம நேரம்" என்றார். காரை அப்போதாவது மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். "நீதான் இப்ப ஓட்டப் போறதில்லையே. கார்த்திகை முடியட்டும்." கார்த்திகைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு உறைக்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு கைத்தடியோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். அமாவாசையன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் அந்தக் காலை யார் யாரோ மிதித்தார்கள்.

கார்த்திகையில் மறுபடி புதுச்சேரி. மேஜையில் எங்கள் கார் நின்றிருந்தது, ஒண்ணுக்கு இருபத்துநாலு. அச்சு அசல். கதவில் கயிறு, கயிற்றில் நான் போட்ட அதே முடிச்சு. கதவுக்கு அடியில் கீழேயிருந்து மேலே ஏறிய துரு. பின் டயருக்கு அண்டை கொடுத்துக் கடுகு போல ஒரு கல். என் கல்லைத் தட்டி உடைத்த சில்லு. கல்லை எதற்கு வாங்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் பரிசு அதற்குத்தான்.

இனியன் காரை முகம் பார்க்கிற கண்ணாடி மேல் நிறுத்தி அடிப்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். "இதைப் பாருங்க. ஹேண்ட் பிரேக் கேபிள். ஏழு இழையில அஞ்சு அறுந்திருக்கு, ரெண்டுதான் மிச்சம். எந்தக் கிட் பெட்டிலயும் இது வராது. கற்பனையா சார்?"

"கற்பனை இல்ல சார், எண்ணிப் பாத்துச் செஞ்சது" என்றார் ஜீவகன். முகமெல்லாம் பல்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனேன். "எப்பங்க எண்ணுனீங்க?"

"ஆடியிலயே..." என்று ஆரம்பித்தவர் என் காலைப் பார்த்தார். கைதட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இனியனுக்குப் புரிந்திருக்க வேண்டும், பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. கவனிக்காத மனுஷன் என்றால் மன்னித்துத் தொலைக்கலாம். இவர் எண்ணியிருக்கிறார். இரண்டு இழைதான் பாக்கி என்று தெரிந்து, ஆறாவது அறுவதற்குள் வரைந்துகொள்ள வேண்டுமென்று அவசரப்பட்டிருக்கிறார். எறும்புக்கு வழிவிடுகிறவர்!

மறுநாள் காலை, பரிசு வாங்கிய மாடலைத் தூக்கிக்கொண்டு பச்சைமுத்து ஷெட்டுக்குப் போனேன். பின்னாலேயே ஓடிவந்தார். மாடலை வேலை மேஜையில் வைத்து, "இதுல இருக்கறத எல்லாம் சரி பண்ணணும்" என்றேன்.

பச்சைமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், வண்டியத் தூக்கவே வேணாம் போலருக்குது. சைலன்சர் ஓட்டை, பின் புஷ், ஆயில் ஒழுகறது, எல்லாம் இதுலயே இருக்குது." ஒரு சிகரெட் அட்டையில் பதினெட்டு வேலை எழுதினார். பிறகு நிமிர்ந்து, "ஏன் சார், இவ்ளோ தெரிஞ்சு வச்சிக்கினு..." என்று இழுத்தார்.

ஜீவகன் சொன்ன பதில் இது: "அண்ணே, கொஞ்சம் வெரல் படாம புடிங்க. துரு உதிர்ந்துடும்."

பச்சைமுத்து என்னைப் பார்த்தார், நான் பச்சைமுத்துவைப் பார்த்தேன். பீரோவிலிருந்த அறுபத்திரண்டு பெட்டிகளில் இருபதை அன்றைக்கே விற்கச் சொன்னேன். பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். மூச்சு விடாமல் விற்றார். கார் பத்து நாளில் தயாரானது.

அடுத்த திங்கட்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சரிவில் நிறுத்தி, கால் பிரேக்கை மிதித்தபடி, மடியிலிருந்த மாடலை அவர் கையில் கொடுத்தேன்.

"போய்ப் பின் டயருக்கு அண்டை குடுங்க."

"விளையாடாத பிரியா."

"என் கல்லு உங்ககிட்டதானே இருக்குது? எனக்கு வேற கல்லு ஏது?"

என் குரலில் என்ன இருந்ததோ, இறங்கிப் போய் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இரண்டாம் பல்லிலேயே கல்லு மாதிரி நின்றது. காலை எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன், மனுஷன் டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணை இறுக மூடி, பற்களைக் கடித்துக்கொண்டு காரைத் தாங்குகிறார். என் கால் உடைந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் இவ்வளவு பதற்றம் இல்லை. கார் இம்மிகூட நகரவில்லை. முதல் மணி அடிக்கும் வரை அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த மாடல் என் டிக்கியில்தான் கிடக்கிறது. தினமும் காலையில் இறங்கி, அதை எடுத்து டயருக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜீவகன் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்துக் கேபிளின் இழைகளை எண்ணுகிறார்.

"ஏழும் இருக்குது பிரியா" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

டீ மட்டும் நான் கொண்டுபோவதில்லை.