மற்றப் பக்கத்துக்கு எழும்பிய மனிதர்

என் வலது கையை முறித்தவர் ஆதம்பாவா நானா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுப் பாரத்தோடு என் மேல் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. ஆனால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அங்கேதான் எனக்கும் விமானக் கம்பனிக்கும் சண்டை.

நான் சிவாஜினி, லிங்கநகரில் மணப்பெண் அலங்காரம் செய்பவள். கொழும்பில் ஒரு கலியாண வேலை முடிய, பெண் வீட்டார் என்னைச் சின்ன விமானம் ஒன்றில் ஏற்றி அனுப்பினார்கள். நடுவில் ஒடுங்கிய வழி, அதற்கு அந்தப் பக்கம் ஆதம்பாவா நானா. கிண்ணியாக்காரர், சொந்த வள்ளத்தில் மீன் பிடிப்பவர். மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் நானா என்போம். கண் காட்டக் கொழும்புக்குப் போனவருக்கு, கட்டாரில் இருக்கும் மகன் ஆசைக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான். புறப்பட முதல் பணிப்பெண் ஒருத்தி முன்னுக்கு நின்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விதிகளைச் சொன்னாள். சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. நானாவுக்கு இரண்டும் தெரியாது, அவளைப் பார்த்துச் சும்மா தலையாட்டினார். அவள் வந்து அவருடைய பெல்ட்டைத் தானே பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சீனன்குடா விமான நிலையத்தில் இறங்குவதற்காக விமானம் கடலுக்கு மேலே திரும்பியது. திரும்பினால் சரியும்தானே, அவருடைய பக்கம் சரிந்தது. நானா கீழே தண்ணீரைப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றினார். எழும்பி, வள்ளம் சரிந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: உயர்ந்திருந்த என் பக்கம் வந்து பாரம் கொடுத்து நின்றார். அதே நேரம் காற்று விமானத்தைத் தூக்கிப் போட்டது. மிச்சத்தை என் கை சொல்லும். அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

சில நாள் போக, பெரிய பாரை மீன் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். கதிரையில் இருக்கச் சொல்லக்கூட இல்லை, வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வள்ளம் சரிஞ்சா மத்தப் பக்கம் போறதுதானே மகள்," என்றார். "நான் வந்த பிறகுதானே அது நேரா வந்தது."

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது விமானியின் வேலை என்று விளங்கப்படுத்திப் பார்த்தேன், மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது, வள்ளத்தை விற்றாவது கையைச் சரிப்படுத்தித் தருகிறேன் என்றார். விற்றுவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் பாரையை நீட்டினார். மீனை வாங்கிக்கொண்டேன், கோபம் மட்டும் போகவில்லை.

கைக்குள் தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். பெரியாஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள் அதிகம். அதற்குள் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டால் விரல் பழையபடி மடங்காது. சேலை மடிப்புப் பிடிக்க ஏலாத கையை வைத்துக்கொண்டு என் தொழிலில் நான் என்ன செய்வது? வெளியில் உடனே செய்விக்கும் செலவைக் கேட்டுக் கம்பனிக்கு எழுதினேன். உடனே கூப்பிட்டார்கள்.

துறைமுகத்தடியில் அவர்களுடைய அலுவலகம். வக்கீல் தவராசாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நானாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக மூலையில் இருந்தார். கொழும்பிலிருந்து வந்த முகாமையாளர் ஆங்கிலத்தில் கதைத்தார், தவராசா எங்களுக்குத் தமிழில் சொன்னார். விதியை மீறி எழும்பியது இந்தப் பயணி, ஆகவே பொறுப்பு அவருடையது, வழக்கென்றால் அவர் மேல் போடுங்கள். ஆனாலும் கம்பனிக்கு மனம் இருக்கிறதாம். கொழும்பில் நல்ல ஆஸ்பத்திரியில் உடனேயே ஒப்பரேஷன் செய்விப்பார்களாம். நான் ஒரு கையெழுத்து வைத்தால் போதும்: பாதுகாப்பு விதிகள் எல்லாப் பயணிகளுக்கும் விளங்கும்படி சொல்லப்பட்டன, அதற்கு நான் சாட்சி.

தவராசா காதோடு விளக்கினார். சொன்ன பிறகு மீறியிருந்தால் குற்றம் அவரில், விளங்கச் சொல்லவேயில்லை என்றால் அது கம்பனியின் தலையில் என்று வாதாடலாம். கையெழுத்து வைத்தால் கம்பனி தப்பிவிடும், நாளைக்கு அந்த ஒப்பரேஷன் செலவை நட்டஈடாக நானாவிடமே கேட்கும். அவரிடம் இருப்பது அந்த வள்ளம் ஒன்றுதான். வைக்காவிட்டால் வழக்கு இழுபடும், கை அதுவரை காத்திராது. முடிவு உங்களுடையது என்றார்.

எனக்குக் கை வேண்டும். வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மேல் விழுந்தவர் அவர்தானே. நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வைங்க மகள்," என்றார். "உங்கட கைதான் முக்கியம்."

முகாமையாளருக்கு அந்த வார்த்தை விளங்கியிராது, ஆனால் காரியம் முடிந்தது என்று விளங்கிவிட்டது. சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதரை இருக்கையோடு பூட்டிவிட்டு, ஏன் பூட்டினோம் என்று ஒரு சொல் சொல்லாமல் போனவர்கள், இப்போது பழியையும் அவர் மேலேயே போடப் பார்க்கிறார்கள். அதற்கு என் முறிந்த கை சாட்சியாம்.

"அண்டைக்கு விமானத்தில சொன்னதை இப்ப தமிழில ஒருக்காச் சொல்லுங்கோ," என்றேன். "சொன்னால் வைக்கிறன்."

தவராசா அதை ஆங்கிலத்தில் சொன்னார். முகாமையாளர் பக்கத்தில் இருந்த தன் வக்கீலைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார். விதிகள் அட்டையில் படமாக இருக்கின்றனவே என்றார் முகாமையாளர். விமானம் சரிந்தால் வள்ளக்காரர் எழும்பக் கூடாது என்று அந்தப் படத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். முகாமையாளர் கடதாசியை என் முன்னால் நகர்த்தி வைத்தார்.

பேனையை எடுத்தேன். வலது கை பிளாஸ்டரோடு கழுத்தில் தொங்கியது. இடது கையால், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெரிதாக எழுதி, கடதாசியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று முகாமையாளர் கேட்டார். தவராசா சொல்ல முதல் நானா எழும்பி வந்து, கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துச் சத்தமாக வாசித்தார்.

"தமிழில் சொல்லவில்லை."

கடதாசியை மேசையில் வைத்துவிட்டு முகாமையாளரை நேரே பார்த்தார்.

"சொல்லியிருந்தா எழும்பியிருக்க மாட்டன், ஐயா."

அதையும் தவராசாதான் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.