சிவப்புக் கட்டம்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் கிளினிக்கில் மருந்து கொடுப்பவள் ஜோவன்னா. கணினி ஒரு நாளைக்கு நூறு தடவை சிவப்புக் கட்டம் காட்டி எச்சரிக்கும். இருமல் மருந்துக்கும் எச்சரிக்கும், வைட்டமினுக்கும் எச்சரிக்கும். யார் உட்கார்ந்து படிப்பது? அங்கே எல்லோரையும் போல அவளும் கட்டம் வந்ததுமே ‘படித்தேன்’ பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அன்று காலை வந்த பெரியவர் பெர்னார்டுக்குத் தொண்டை வலி. டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை எடுத்து, “முதல் மாத்திரைய இங்கயே போட்டுக்குங்க அங்கிள்” என்று தண்ணீரும் கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு டாக்சிக்காக உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கழுத்தைச் சொறிந்தபடி கவுன்டருக்கு வந்தார்.

“எனக்கு ஒத்துக்காத மாத்திரை இது இல்லதானேம்மா? எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, இனிமே நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க லா. அதான் நான் சொல்லல.”

ஜோவன்னா அவருடைய பதிவைத் திறந்தாள். கட்டம் அங்கேயே இருந்தது. ‘பென்சிலின் வகை மருந்து கூடாது. முன்பு மூச்சு நின்று ஐசியூவில் இருந்தவர்.’ அவள் கொடுத்ததும் அதே வகைதான்.

“டாக்டர்!” என்று கத்தினாள். கட்டத்தின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

‘படித்தவர்: ஜோவன்னா, காலை 10.42.’